பதின்மூன்று இலக்கமும் ஒற்றை வரி அறிவுரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கும் என் பெரியம்மாவுக்குச் சென்ற ஆண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் நெடுங்காலமாக வாடிக்கையாளராக இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் வெளியாள் புகுந்துவிட்டதாகவும், வாடிக்கையாளர்களின் பெயர், அடையாள எண், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கைமாறியிருக்கக்கூடும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒற்றை வரியில் ஓர் அறிவுரை இருந்தது: தயவுசெய்து விழிப்பாக இருங்கள். எழுபத்துநான்கு வயதான பெரியம்மா மின்னஞ்சல் பார்ப்பவர் அல்லர். எப்போதோ படிவம் நிரப்பிக்கொடுத்த பேத்தி தன் முகவரியைக் கொடுத்திருந்ததால் கடிதம் அவளுக்குப் போனது. விளம்பரம் என்று நினைத்து அவள் திறக்கவே இல்லை. ஏழு மாதம் கழித்துத் தபாலில் இன்னொரு கடிதம் வந்தது. தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முன் அனுப்பவேண்டிய அறிவிப்பு அது. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு வைத்துப் பொருள் வாங்கிவிட்டு அவர் பணம் கட்டவில்லையாம்.

பெரியம்மா அந்தக் கடிதத்தை மஞ்சள்பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நான் ஜோகன்னஸ்பர்க் போனதே உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவைதான். அங்கே எனக்கு எந்தக் கடையிலே கணக்கு?" என்று கேட்டார். கோபத்தைவிட வெட்கமே அவர் குரலில் மிகுந்திருந்தது. கடன்காரி என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற அச்சத்தில் மூன்று நாள் அதைத் தலையணைக்கடியில் வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

இரு நிறுவனங்களின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. முதல் நிறுவனத்திலிருந்து கசிந்த தகவலைக் கொண்டுதான் இரண்டாவது இடத்தில் கணக்குத் திறந்தார்கள் என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. இவ்வகைக் குற்றத்தின் இயல்பே அதுதான்: பொருள் எந்த வழியாக வெளியே போனது என்பது பறிகொடுத்தவருக்குத் தெரியவே வராது. நான் எழுத வந்தது வேறு. ஒரு நிறுவனம் நம் தகவலைத் தொலைத்துவிட்டு "விழிப்பாக இருங்கள்" என்று சொல்லும்போது, அந்த விழிப்பு எதைச் செய்வது, எங்கே செய்வது, எத்தனை நாளுக்குச் செய்வது என்பதைச் சொல்லும் கடமையும் அதற்கு உண்டு. இந்நாட்டின் சட்டமே அதைக் கேட்கிறது. கேட்டும் நடப்பதில்லை என்பதால், அவர்கள் சொல்லாமல் விட்டதைத் தங்கள் இதழின் வாசகர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

முதலில், தொலைந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளவேண்டும். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டை போனால் புது அட்டை தருவார்கள். நம் அடையாள எண்ணின் பதின்மூன்று இலக்கங்களும் பிறந்ததிலிருந்து இறப்பு வரைக்கும், இறந்த பிறகும்கூட, நம்முடையவை. அவற்றுள் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆண். பதினோராவது இலக்கம் பூச்சியமானால் குடிமக்கள், ஒன்றானால் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவர்கள். கடைசி இலக்கம் முன்னுள்ளவை பிழையின்றி எழுதப்பட்டுள்ளனவா என்று கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதற்கு. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வேடிக்கை புலப்படும். தொலைபேசியில் நம்மிடம் பேசும் ஊழியர் முதலில் அடையாள எண்ணைக் கேட்டுவிட்டு, "பாதுகாப்புக்காக உங்கள் பிறந்த தேதியையும் சொல்லுங்கள்" என்பார். எண்ணைத் திருடியவன் கையில் அந்தத் தேதி ஏற்கெனவே இருக்கிறது. வாசற்கதவின் சாவியைக் கொடுத்தவனிடமே பின்கதவின் சாவியையும் கேட்டுவிட்டு, வீட்டுக்காரன்தான் என்று முடிவு செய்வது போன்றது இது.

எண்ணால் அறியப்படுவது நமக்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் கரைசேர்ந்த நாள் முதலாக, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர் ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண்ணைக் கொடுத்து, கப்பல் பட்டியலில் பதிந்தது. நிறவெறி ஆட்சியில் அடையாள எண்ணுக்குள்ளேயே இன்ன இனம் என்பதையும் பொதித்துவைத்தார்கள். 1980-களில்தான் அது நீங்கியது. இதை இங்கே சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அந்தக் கப்பல் எழுத்தர்களும் பின்னால் வந்த பதிவாளர்களும் தங்கள் காதுக்குக் கேட்டபடி நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியதால், ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்துக்கூட்டல், தம்பிக்கு வேறோர் எழுத்துக்கூட்டல் என்ற நிலை இன்றும் இருக்கிறது. கடன் பதிவில் நம் பெயர் சற்று மாறியிருந்தால், "நமக்குத்தான் வழக்கமாக இப்படித் தப்பாக எழுதுவார்களே" என்று நாம் பேசாமல் விட்டுவிடுகிறோம். பெரியம்மாவின் பதிவில் மோசடிக் கணக்கு இருந்த இடத்தில் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பிழை என்று தள்ளியிருந்தால் தடயம் போயிருக்கும்.

இது ஏதோ ஒரு கிழவிக்கு நேர்ந்த கதை அன்று என்பதற்கு இந்நாட்டின் அண்மை வரலாறே சான்று. 2017-ஆம் ஆண்டு அக்டோபரில், ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் அடையாள எண்கள் அடங்கிய கோப்பு ஒன்று, ஒரு வீடு-நிலத் துறை நிறுவனத்தின் இணையக் கணினியில் பூட்டின்றிக் கிடந்தது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையையே மிஞ்சும் எண்ணிக்கை அது. இறந்தவர்களும் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். 2020 ஆகஸ்டில், யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்துவைக்கும் எக்ஸ்பீரியன் என்னும் கடன் தகவல் நிறுவனத்திடம் அதன் வாடிக்கை நிறுவனத்தின் ஆள்போல நடித்து ஒருவன் கேட்டான்; கேட்டதை அவர்களே கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பேரின் விவரமும் 8 லட்சத்தை ஒட்டிய வணிக நிறுவனங்களின் விவரமும் அப்படிப் போயின. 2022 மார்ச்சில் இன்னொரு கடன் தகவல் நிறுவனமான டிரான்ஸ்யூனியனுக்குள், வாடிக்கை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருந்த நுழைவுரிமையைப் பயன்படுத்தி ஒரு கும்பல் புகுந்து பணயத்தொகை கேட்டது, நிறுவனம் தரமறுத்தது. நம் நாணயத்துக்குச் சான்று சொல்லும் காவல் வீடுகளிலேயே களவு போயிருக்கிறது. நாம் அவர்களிடம் போய்ப் பதிந்துகொண்டவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். நமக்குக் கடன் கொடுத்தவர்கள் நம்மைப் பற்றி அவர்களுக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சிறுவர்களின் எண்கள் என்றேனே, அவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள். 2024-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்து முதலாண்டு மாணவர் இருவர், தம் சக மாணவர்களில் பலரின் பெயரில், அவர்களுக்கே தெரியாமல், வேலையற்றோருக்கான 370 ரேண்ட் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பதினெட்டு வயது நிரம்பி முதன்முதலாக வங்கிக்குப் போகும் பிள்ளைக்கு முன்பே அவன் பெயரில் ஒருவன் போய்வந்திருக்கலாம் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? போப்பியா என்று இங்கே எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறி, அதன் முக்கியப் பகுதிகள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. எல்லோரும் அதற்கேற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ள ஓராண்டு தவணையும் கொடுக்கப்பட்டது. அதன் 22-ஆம் பிரிவு, தகவல் பிறர் கைக்குப் போனதாக நம்ப இடமிருந்தால், தகவல் ஒழுங்காற்று ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இயன்ற விரைவில் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பில் இதனால் நேரக்கூடிய விளைவுகள், நிறுவனம் எடுத்த நடவடிக்கைகள், பாதிக்கப்பட்டவர் தீங்கைக் குறைத்துக்கொள்ளச் செய்யவேண்டியவை ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். புகுந்தவர் யார் என்று தெரிந்தால் அதையும் சொல்லவேண்டும். மூன்றாவதாகச் சொன்ன அந்தக் கடமையைத்தான் "விழிப்பாக இருங்கள்" என்னும் ஒரே வரியில் தீர்த்துவிடுகிறார்கள். அறிவிப்பைத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். தம் இணையதளத்தில் கண்ணில் படும்படி வைக்கலாம். செய்தி ஊடகங்களிலும் வெளியிடலாம். இந்தக் கடைசி வழியைப் பற்றித் தங்களிடம் கடிதத்தின் இறுதியில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

சட்டத்துக்குப் பல் இல்லை என்று சொல்லமுடியாது. நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகளே 2021 செப்டம்பரில், கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலில் முடங்கின. வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமத்தைக்கூடப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். ஆணையம் இட்ட உத்தரவை நிறைவேற்றவில்லை என்பதற்காக 2023 ஜூலையில் அந்த அமைச்சகத்துக்கு 50 லட்சம் ரேண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதம் ஒரு கோடி ரேண்ட். ஆனால் இந்தத் தொகையில் ஒரு காசும் பெரியம்மாவின் கைக்கு வராது. அவர் நட்டஈடு கேட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட அதே சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் வழக்கறிஞரைத் தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது வேறு.

ஆகவே நாம் செய்யவேண்டியதற்கு வருகிறேன். கசிவு பற்றித் தெரிந்த அன்றே செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதற்குக் காசு கிடையாது. தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவை, அதாவது எஸ்.ஏ.எஃப்.பி.எஸ்., தன்னிடம் "பாதுகாப்புப் பதிவு" என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அதில் நம் அடையாள எண்ணைப் பதிந்துவிட்டால், அதன் உறுப்பினர்களான வங்கிகளும் கடைகளும் நம் பெயரில் வரும் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது எச்சரிக்கை ஒன்று தெரியும். வந்திருப்பவர் நாம்தானா என்று கூடுதலாக விசாரிப்பார்கள். இதில் ஒரு சிறு தொல்லை உண்டு. நாமே உண்மையாகக் கடன் கேட்கப் போனாலும் அதே விசாரணைதான்; வண்டி வாங்கப் போன என் மைத்துனர் இதனால் அரைநாள் காத்திருந்து அலுத்துக்கொண்டார். அந்த அரைநாளை நான் மலிவு என்றே சொல்வேன்.

இது எச்சரிக்கை மணிதானே தவிரப் பூட்டு அன்று. அமெரிக்காவில் 2017-இல் எக்குவிஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் தகவல் கசிந்த பிறகு, அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி, எவரும் தம் கடன் பதிவைச் செலவின்றி முடக்கிவைக்கலாம் என்று ஆக்கினார்கள். முடக்கிய பதிவைப் புதிதாகக் கடன் கொடுக்க வருபவர் பார்க்கமுடியாது. பார்க்கமுடியாவிட்டால் பெரும்பாலும் கடன் கொடுக்கமாட்டார். நாமே வேண்டும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளலாம். அத்தகைய உரிமை இந்நாட்டுக்கும் வேண்டும் என்பது என் கருத்து. மணி அடித்தும் எழாத காவல்காரன் எங்கும் உண்டு. பூட்டு அவனை நம்பி இருப்பதில்லை.

அடுத்தது கடன் அறிக்கை. ஐ.டி.சி.யில் பெயர் விழுந்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தப் பதிவுதான். ஐ.டி.சி. என்பது ஒரு பழைய நிறுவனத்தின் பெயர். பெயர் போயும் சொல் நிலைத்துவிட்டது. இன்று பதிவு பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் பல இருக்கின்றன. தேசியக் கடன் சட்டப்படி ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒருமுறை நம் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிட்டால் ஆண்டின் எஞ்சிய நாள்களுக்குக் கண்மூடியிருக்கவேண்டி வரும். கசிவு நடந்தவுடன் ஒருமுறை எல்லா இடத்திலும் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். என்று நான்கு மாதத்துக்கு ஒன்றாக வரிசை வைத்துக்கொண்டால் காசு செலவில்லாமல் ஆண்டு முழுவதும் பார்வை இருக்கும். வீட்டில் பொங்கல் கழிந்ததும் ஒன்று, ஆடி பிறக்கும் முன் ஒன்று, தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு அரைக்கும் வாரத்தில் ஒன்று என்று நான் குறித்துவைத்திருக்கிறேன். நாள்காட்டியைவிட இது மறப்பதில்லை.

அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லோரும் முதலில் கடன் பட்டியலையும், மதிப்பெண்ணையும் பார்க்கிறார்கள். நான் பெரியம்மாவின் அறிக்கையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். யார் யார் எந்தத் தேதியில் இவருடைய பதிவைக் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பட்டியல் அங்கேதான் இருந்தது. கணக்குத் திறப்பதற்கு முன் கடைக்காரர் பதிவைப் பார்க்கவேண்டும்; ஆகவே மோசடியின் முதல் காலடி அங்கே விழும். பெரியம்மாவின் பட்டியலில் ஒன்பது நாளுக்குள் ஆறு பேர் பார்த்திருந்தார்கள். நால்வர் மறுத்துவிட்டார்கள் போலும். துணிக்கடை ஒன்றும் அலைபேசி நிறுவனம் ஒன்றும் ஒத்துக்கொண்டுவிட்டன. தபாலில் வந்த அறிவிப்பு துணிக்கடைக் கடனைப் பற்றி மட்டுமே சொல்லியிருந்தது. இரண்டாவது கடன் இருப்பதே அந்தப் பட்டியலால்தான் தெரிந்தது. அதற்கு மேலே முகவரிகள் இருந்தன. சாட்ஸ்வர்த் வீட்டுக்குக் கீழே ஜோகன்னஸ்பர்க் முகவரி ஒன்று. அதற்கும் கீழே வேலை தரும் நிறுவனம் என்ற இடத்தில், பதினான்கு ஆண்டுகளாக வேலைக்குப் போகாத பெரியம்மா ஏதோ ஒரு காவல் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது அந்தத் துயரத்திலும் அவர் சிரித்துவிட்டார்.

பிறகு காவல் நிலையம். அங்கே பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்குவதற்குக் கட்டணம் இல்லை. புகார் கொடுத்தபின் வழக்கு எண் குறுஞ்செய்தியில் வரும். அதை அழித்துவிடக்கூடாது, இனிமேல் எல்லோரும் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான். பத்திரத்தில் "நான் எந்தக் கடனும் வாங்கவில்லை" என்று பொதுப்படையாக எழுதினால் பயன் குறைவு. இன்ன கடை, இன்ன கணக்கு எண், இன்ன தேதியில் திறந்தது, அந்தத் தேதியில் நான் இன்ன இடத்தில் இருந்தேன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதவேண்டும். பெரியம்மாவின் நல்வினை, கணக்குத் திறந்த நாளில் அவர் கண் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தார். அனுமதிச் சீட்டின் படி ஒன்றை இணைத்தோம். எல்லோருக்கும் அப்படி ஒரு சீட்டு வாய்க்காது. அந்த வார வங்கிக் கணக்கறிக்கையில் உள்ளூர்க் கடையில் அட்டை போட்ட பதிவு இருந்தாலும் உதவும்.

இந்தப் பத்திரத்தோடும் வழக்கு எண்ணோடும் கடன் தகவல் நிறுவனத்திடம் மறுப்பு எழுதிக் கொடுத்தால், அவர்கள் கடன் கொடுத்தவரிடம் ஆதாரம் கேட்கவேண்டும். இருபது வேலை நாளுக்குள் விசாரித்து முடிக்கவேண்டும். ஆதாரம் வராவிட்டால் அந்தப் பதிவை நீக்கவேண்டும். நீக்கமறுத்தால் தேசியக் கடன் ஒழுங்காற்று அமைப்பிடமோ, 2024 மார்ச் முதல் பழைய குறைதீர் அலுவலகங்கள் நான்கையும் ஒன்றாக்கி நடத்திவரும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடமோ முறையிடலாம். எஸ்.ஏ.எஃப்.பி.எஸ்.ஸிலும் இம்முறை வெறும் பாதுகாப்புப் பதிவாக இல்லாமல், ஆள்மாறாட்டத்தால் பாதிக்கப்பட்டவர் என்று பதியச் சொல்லவேண்டும். தொலைபேசியில் பேசித் தீர்க்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். நாங்கள் முதல் இரண்டு வாரத்தை அப்படித்தான் வீணாக்கினோம். மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்டுக் காத்திருந்தபின் ஒவ்வொரு நாளும் வேறொருவர் பேசினார். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எண் வாங்கிய பிறகுதான் காரியம் நகர்ந்தது.

இங்கே ஒரு பொறியைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. வசூல் செய்பவர்கள் தொலைபேசியில் மிக அன்பாகப் பேசுவார்கள்: "அம்மா, இப்போதைக்கு நூறு ரேண்ட் மட்டும் கட்டுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." மானத்துக்கு அஞ்சி அந்த நூறு ரேண்டைக் கட்டிவிட்டால், கடன் நம்முடையதுதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக்கூடும்; காலாவதியாகும் நிலையில் இருந்த கடன்கூட மீண்டும் உயிர்பெறும். பெரியம்மா கட்டத் தயாராகத்தான் இருந்தார். "போய்த் தொலையட்டும், நிம்மதியாவது கிடைக்கும்" என்றார். தடுத்து நிறுத்தப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

புதிய கடன் ஒரு பக்கம் என்றால், இருக்கும் பணம் மறுபக்கம். கசிந்த தகவலை வைத்துக்கொண்டு வங்கியிலிருந்து பேசுவதாக அழைப்பவன், நம் பெயரையும் எண்ணையும் தெருவையும் பிழையின்றிச் சொல்வான். அவ்வளவும் தெரிந்திருப்பதால் வங்கிக்காரன்தான் என்று நம்பி, அலைபேசிக்கு வந்த ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் குறியீட்டைச் சொல்லிவிடுகிறோம். அவனுக்கு நம்மைப் பற்றித் தெரிந்திருப்பது ஒன்றுக்கும் சான்று ஆகாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்கு நாமே அழைக்கவேண்டும். அலைபேசியில் திடீரென்று சிக்னல் முழுவதும் போய், அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் இருக்குமானால், நம் சிம்மை வேறொருவன் மாற்றி வாங்கியிருக்கலாம். அடுத்த வீட்டுத் தொலைபேசியிலிருந்தாவது உடனே வங்கியை அழைக்கவேண்டும். மாதாந்திரக் கணக்கறிக்கையில் 99 ரேண்ட் போன்ற சிறு தொகை பெயர் தெரியாத டெபிட் ஆர்டராக, அதாவது கணக்கிலிருந்து தானாகக் கழியும் தொகையாகப் போயிருந்தால் சில்லறை என்று விடவேண்டாம். நாற்பது நாளுக்குள் மறுத்தால் வங்கி திருப்பிக்கொடுப்பது எளிது. திருமணம் ஆகாத பெண்கள் உள்துறை அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் தம் திருமண நிலையையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. பெண்ணுக்கே தெரியாமல் அவள் பெயரில் திருமணம் பதிவாகியிருந்த நிகழ்ச்சிகள் இந்நாட்டில் உண்டு.

வெளியாரை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. நம் கோயில் கமிட்டிகளும் ஈமச்சடங்குச் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் நம் அடையாள அட்டையின் படியை எவ்வளவு எளிதாகக் கேட்டு வாங்குகின்றன! மண்டபம் பதிய ஒரு படி, காவடிக்குப் பெயர் கொடுக்க ஒரு படி, ஈமச் சங்கத்தில் சேரக் குடும்பத்தினர் எல்லோருடைய படியும். நானும் ஒரு சங்கத்தில் பத்தாண்டு பொருளாளனாக இருந்தவன். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இறந்தவர்களின் படிகள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இருந்தன. அலமாரியின் சாவி மேலேயே தொங்கும். பிறகு வாட்ஸ்அப் வந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய அடையாளப் புத்தகத்தைப் படம் பிடித்து, செயலாளர் பார்ப்பதற்காக இருநூறு பேர் உள்ள குழுவிலேயே போட்டுவிடுவார்கள். அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். போப்பியா சட்டம் வங்கிக்கு மட்டும் அன்று, சங்கத்துக்கும் உண்டு. சங்கத்தின் தலைவரே தகவல் அலுவலர் என்று சட்டம் கொள்கிறது, அவர் ஆணையத்திடம் பதிந்துகொள்ளவும் வேண்டும். எத்தனை சங்கத் தலைவர்களுக்கு இது தெரியும் என்று கேட்டால் பெரும்பாலோர் முகத்தில் வியப்புத்தான் தெரிகிறது.

படி கொடுக்கத்தான் வேண்டும் என்றால், "இன்ன சங்கத்தில் சேர்வதற்கு மட்டும்" என்று தேதியோடு அந்தப் படத்தின் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். எழுத்து முகத்தின் மேலும் எண்ணின் ஓரத்திலும் படவேண்டும். அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கணக்குத் திறப்பது கடினம். சங்கங்களும் அட்டையைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக்கொடுத்தால் போதும், படி எதற்கு? பழைய பச்சை அடையாளப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கும் முதியவர்களைப் பேரப்பிள்ளைகள் அழைத்துப்போய், 2013 முதல் வழங்கப்படும் ஸ்மார்ட் அட்டையை வாங்கிக்கொடுப்பதும் நல்லது. பச்சைப் புத்தகத்தில் படத்தை மாற்றி ஒட்டுவது திருடர்களுக்குக் கைவந்த கலை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கசிவு அறிவிப்பைச் செய்தி ஊடகத்தில் வெளியிடவும் சட்டம் இடம் தருகிறது என்று மேலே எழுதினேன். இந்நாட்டில் தமிழ் எழுத்துப் படிப்பவர்கள் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவான எண்ணிக்கைக்குள், ஆங்கில மின்னஞ்சலின் சட்டமொழி புரியாத முதியவர்களும், ஊரிலிருந்து வந்து கோயில்களில் பணியாற்றும் குருக்கள்மார்களும் மிகுதி. தமிழ் வாடிக்கையாளர்களை விளம்பரத்துக்காகத் தேடிவரும் நிறுவனங்கள், தகவலைத் தொலைத்த நாளிலும் அதே பக்கத்தில், தெளிவான தமிழில், எங்கே பதியவேண்டும், எந்த அறிக்கையைக் கேட்கவேண்டும், யாரை அழைக்கவேண்டும் என்று அறிவிப்புத் தரவேண்டும் என்று தங்கள் இதழ் கேட்கலாம். விளம்பரம் வாங்கும்போதே அதை ஒரு நிபந்தனையாக வைத்தாலும் தவறில்லை. கடன் பதிவை முடக்கிவைக்கும் உரிமையைச் சட்டமாக்குமாறு நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பதற்கும் தங்கள் தலையங்கம் ஒன்று உதவும்.

பெரியம்மாவின் பதிவிலிருந்து துணிக்கடைக் கணக்கு பத்தொன்பதாம் வேலை நாளில் நீங்கிவிட்டது. அலைபேசி ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. கையொப்பத்தின் படியை அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்டோம்; அவர்கள் அனுப்பிய தாளில் பெரியம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் வளைவு நெளிவோடு அழகாக எழுதப்பட்டிருந்தது. அவர் தம் வாழ்நாள் முழுவதும் தமிழில்தான் கையெழுத்துப் போட்டுவருகிறார் என்பதற்கு பழைய ஓய்வூதியத் தாள்கள், வங்கிப் படிவங்கள் ஆகியவற்றின் படிகளைக் கட்டி அனுப்பியிருக்கிறோம். பதில் வர இன்னும் பதினொரு வேலை நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்